தூக்கத்துக்கு ஒரு கட்டம்

மணி ஏழரை ஆகிறது. நீ உள்ளே இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறாய். வலையை வெயிலில் விரித்துப்போட வந்த எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இன்னா, உம் புள்ள இன்னும் எழுந்துக்கல? பொண்ணு பாக்குற வயசாச்சு, வெயிலு மூஞ்சில அடிக்கிற வரைக்கும் தூங்குறான்" என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் சிரித்து வைத்தேன். நாலு வருடங்களுக்கு மேலாக இந்தக் கேள்விக்கு நான் சிரித்துத்தான் வைக்கிறேன். ஒருநாள் "ராத்திரி படிச்சிட்டிருந்தான்" என்பேன், இன்னொரு நாள் "உடம்பு சூடுக்கா" என்பேன். உனக்கு இருப்பது வலிப்பு நோய், காலையில் உன் கை தானாக வெட்டி இழுக்கும், தூக்கம் குறைந்தால் அது பெரிய வலிப்பாகிவிடும், அதனால் இந்த வீட்டில் உன் தூக்கத்துக்கு நாங்கள் காவல் இருக்கிறோம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. ஆனால் இன்றோடு சரி.

நாளை காலை பதினொரு மணிக்கு ஊர்க்கூட்டம். இதை வெளியூரில் இருப்பவர்களும் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்: நம் பழவேற்காடு ஏரி கடலைத் தொடுகிற முகத்துவாரத்தை ஒட்டி, இறால் அதிகம் விழும் இடங்களை நம் ஊர் எல்லாருக்கும் முறைவைத்துக் கொடுத்திருக்கிறது. யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். அந்த முறைக்கும், முறை விழுகிற இடத்துக்கும் பாடு என்றுதான் பெயர். உன் நைனாவுக்கு முழங்கால் போய்விட்டதால், இந்த வருடம் அவர் இடத்தில் உன் பெயர் சீட்டில் ஏறுகிறது. போன வாரம் அதைப் பற்றிப் பேசும்போது நீ சொன்னாய்: "கூட்டத்துல ஒண்ணும் சொல்லாத மா. ராத்திரிப் பாடு வந்தா போயிட்டு வரேன். மாத்திரைதான் போடுறேனே, இன்னா ஆயிடும்?" சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். உன் முகம் மாறிவிட்டது. "யார்கிட்டயும் சொல்லாதன்னு இத்தினி வருஷமா என் வாயப் பொத்தி வெச்சது நீதான? இப்ப இன்னா புதுசா?" என்று கேட்டாய். எனக்குப் பதில் வரவில்லை. நான் எப்போதும் இப்படித்தான். வாயில் வராதது எழுத உட்கார்ந்தால்தான் வரும். இது அந்தப் பதில். எழுதுவதற்கு முன்னால் உன்னிடம் கேட்டேன். "பேரு மட்டும் போடாத. மத்தது உன் இஷ்டம்" என்றாய். போடவில்லை.

உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம். உன்னைப் பெற்றபோது எனக்கு எதுவும் தெரியாது. தெரியாததை எல்லாம் நூலகத்துப் புத்தகங்களில் தேடிக்கொண்டே உன்னை வளர்த்தேன். "படிக்கிற பொம்பள" என்று பாதிக் கேலியாகவும் பாதி மரியாதையாகவும் ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் நீ நைனாவோடு பாட்டுக்குப் போகத் தொடங்கினாய். அந்த நாட்களில்தான் காலையில் உன் கையிலிருந்து டீ டம்ளர் எகிறிப் போகும். பல் விளக்கும்போது பிரஷ் சுவரில் போய் மோதும். மூன்றாவது டம்ளர் சிதறிய காலையில் நான் கத்தினேன், "கையில எலும்பு இருக்கா இல்லையா?" நீ தரையில் சிந்திய டீயைப் பார்த்துக்கொண்டே, "நான் போடல மா. அதுவா போச்சு" என்றாய். பிற்பாடு டாக்டர் அரைமணி நேரம் விளக்கிய விஷயத்தை அன்று நீ இரண்டே சொல்லில் சொல்லிவிட்டாய். இத்தனை புத்தகம் படித்தவள், எதிரே நின்ற பிள்ளையின் அந்த இரண்டு சொல்லைக் காதில் வாங்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு காலையில் நீ கரையில் விழுந்தாய். தெற்குப் பாட்டிலிருந்து இறாலோடு திரும்பி, படகிலிருந்து இறங்கும்போது முழங்கால் தண்ணீரில் முகம் குப்புற விழுந்தாய் என்று உன் சித்தப்பா சொன்னார். அவர்தான் சட்டையைப் பிடித்து உன்னைக் கரைக்கு இழுத்தவர். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்றுதானே நம் ஊரில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம்? படகில் சாவிக்கொத்து ஏது? உன் நைனா நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து உன் கையில் திணித்திருக்கிறார். அதன் கொக்கி கிழித்த தழும்பு இன்றும் உன் உள்ளங்கையில் இருக்கிறது. நீ தேறிய பிறகு சித்தப்பா, "அண்ணன் உன்ன படகுன்னு நெனச்சிக்கினு நங்கூரம் போட்டுட்டாருடா" என்பார். நீயும் சிரிப்பாய். உன் நைனா மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். அவரை மன்னித்துவிடு. பயந்துபோன மனிதன் தன் கையில் இருந்த ஒரே இரும்பைக் கொடுத்தான். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், வலிப்பு நிற்கும்வரை நேரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

என்னை மன்னிப்பது அவ்வளவு சுலபமில்லை. முதலில் உன்னைப் பார்த்த டாக்டர் நிதானமானவர், கேட்க வேண்டியதைச் சரியாகத்தான் கேட்டார். "இதுக்கு முன்னாடி கை கால் திடீர்னு வெட்டி இழுத்திருக்கா மா? காலையில பொருள் ஏதாவது கைதவறி விழுந்திருக்கா?" அந்த அறையில் நம் ஊர்க்காரர் ஒருவர், வேறு எதற்கோ வந்தவர், கதவோரம் நின்றுகொண்டிருந்தார். உன் நைனா என்னைப் பார்த்தார். நீயும் பார்த்தாய். நான், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். இதான் மொத தடவை" என்றேன். ஏன் சொன்னேன்? விழுந்தது ஒரே ஒரு நாள் என்றால் நோய் சின்னதாகிவிடும் என்று நினைத்தேன். வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்று நினைத்தேன். சொல்லாமல் விட்டால் இல்லாமல் போய்விடும் என்றுகூட நினைத்திருப்பேன். நான் சொன்னதை வைத்து அவர் மாத்திரை எழுதினார். வேறு வகை வலிப்புக்கு அது நல்ல மாத்திரை. உன் வகைக்கோ, வெட்டி இழுப்பதை அது கூட்டிவிடும். ஏழு மாதம் அதைச் சாப்பிட்டாய். அந்த ஏழு மாதத்தில் ஒரு காலைகூட நீ முழு டம்ளர் டீ குடிக்கவில்லை. பாதிக்கு மேல் ஊற்ற நான் பயந்தேன். டாக்டர் மேல் தப்பில்லை. நான் வாயை மூடிக்கொண்டதன் விலையை உன் உடம்பு கொடுத்தது.

அந்த மாதங்களில்தான் நோட்டு ஒன்று போட்டேன். எதையும் கவனித்து எழுதிவைத்தால் காரணம் தெரிந்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். யோசனை நல்லதுதான். ஆனால் எதை எழுதுவது என்று முடிவு செய்யும்போது நான் ஏரிக்கரைக்காரியாகிவிட்டேன். தேதிக்கு ஒரு கட்டம், காற்றுக்கு ஒரு கட்டம், தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்று ஒரு கட்டம், எந்தப் பாடு என்று ஒரு கட்டம், கடைசியாக உன் கை எத்தனை தரம் வெட்டியது என்று ஒரு கட்டம். நம் ஊரில் மீன் படாததற்கும் உடம்பு முடியாததற்கும் இந்த நாலைத்தானே முதலில் கேட்கிறோம்? மூன்று மாதத்தில் விடை பளிச்சென்று தெரிந்தது. நீ தெற்குப் பாட்டுக்குப் போய்வந்த காலைகளில்தான் கை அதிகமாக வெட்டியது. மற்ற பாடுகளில் குறைவு. நோட்டை உன் நைனாவிடம் காட்டினேன். "அந்த எடம் ஆவாதுனு எங்கப்பாவே சொல்லியிருக்காரு" என்றார் அவர். ஊர் விதிப்படி சீட்டில் விழுந்த முறையை மாற்றிக்கொள்ள முடியாது, வேண்டாமென்றால் விடலாம். விட்டோம். அந்தப் பருவம் முழுக்க தெற்குப் பாட்டு முறை வந்தபோதெல்லாம் நம் படகு கரையிலேயே கிடந்தது. இறால் கொழித்த இடத்தை ஏன் விடுகிறார்கள் என்று ஊரில் வாய்க்கு வாய் பேசினார்கள். படித்த பொம்பளையின் நோட்டுப்படி நம் குடும்பம் ஒரு இடத்தைக் குற்றவாளியாக்கி ஒதுக்கிவைத்திருந்தது.

அரையாண்டுத் தேர்வு வந்தது. தேர்வுக்காக நீ மூன்று வாரமாக ஏரிப்பக்கமே போகவில்லை. கணக்குப் பரீட்சை அன்று காலை பேனா உன் கையிலிருந்து பறந்து முன்பெஞ்சில் போய் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நீயும் பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டாய். பொன்னேரியிலிருந்து உன் வகுப்பு ஆசிரியர் போன் செய்தபோது நான் முதலில் நோட்டைத்தான் எடுத்துப் பார்த்தேன். பரீட்சை அறையில் காற்று எது, தண்ணீர் எது, பாடு எது? எல்லாக் கட்டமும் காலியாக நின்றது. அந்த வாரமே உன்னைச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வரிசையில் நான்கு மணி நேரம் நின்றோம். இந்த முறை என்ன கேட்டாலும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே போனேன். டம்ளர், பிரஷ், பேனா எல்லாவற்றையும் சொன்னேன். முதல் டாக்டரிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். அந்த டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "காத்துகூட எழுதியிருக்கீங்களே! நல்லா இருக்கு" என்று சிரித்தார். பிறகு கேட்டார், "தூக்கம் எங்கம்மா? எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை மணிக்கு எழுந்தான், அந்தக் கட்டம் எங்க?"

அப்படி ஒரு கட்டம் இல்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து நீ, நான், உன் நைனா மூவருமாக ஞாபகத்திலிருந்து நிரப்பினோம். தெற்குப் பாடுதான் ஊரிலிருந்து தூரம். தண்ணீர் கடலுக்கு வடியத் தொடங்குமுன் அங்கே போய் வலையைக் கட்டியாக வேண்டும். மற்ற இடங்களுக்குக் கிளம்புவதைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக உன்னை எழுப்பியிருக்கிறோம். பல நாள் நீ தூங்கவே இல்லை. கணக்குப் பரீட்சைக்கு முன்தினம் ராத்திரியும் மூன்று மணிவரை படித்திருக்கிறாய். உன் நைனா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அந்த எடத்து மேல ஒண்ணும் தப்பில்லியா?" என்று கேட்டார். தூக்கம் கெட்டு எழுந்த காலையில் முதலில் கை வெட்டும், அதைக் கவனிக்காமல் விட்டால் பெரிய வலிப்பு வரும், இதற்கு மயோகுளோனிக் வலிப்பு என்று பெயர், பதின்ம வயதில் தொடங்குகிற ஒரு வகை, பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டியிருக்கும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் கட்டுப்படும் என்று டாக்டரம்மா சொன்னார். மாத்திரையை மாற்றினார். பெரிய வலிப்பு அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் வந்தது. உன் சினேகிதன் கல்யாணத்தில் விடிய விடிய விழித்திருந்து, மாத்திரையையும் மறந்த மறுநாள். அது ஆகி மூன்று வருடம் ஆகிவிட்டது. அன்று தெளிந்து எழுந்ததும் நீயே சொன்னாய், "தூக்கமும் போச்சு, மாத்திரையும் போச்சு மா. ரெண்டும் ஒண்ணா போச்சு." அன்றே நோட்டை உன்னிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த நோட்டை விடாதே. எனக்குத் தெரியாததைக்கூட நீ அதில் கண்டுபிடித்திருக்கிறாய். பொன்னேரி பஸ்ஸில் போகும்போது பனைமரங்களுக்கு நடுவே வெயில் விட்டு விட்டு அடிக்கும் இடத்தில் உன் தோள் துள்ளுவதை நீதான் எழுதினாய். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டால் அடங்குகிறது என்று நீ குறித்ததை டாக்டரம்மாவே பாராட்டினார். கண்ணை மூடிக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தபோது, கூடையோடு பக்கத்தில் இருந்த மீன்காரம்மா, "இன்னா தம்பி, ஒரு கண்ணுக்குத்தான் டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டதை நீ வீட்டில் நடித்துக் காட்டினாய். அன்று நான் சிரித்தது பொய்ச்சிரிப்பு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நீ அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்டதற்கு, "கண்ணுல தூசின்னு சொன்னேன்" என்றாய். என் பொய் உன் வாய்க்கு எவ்வளவு சரளமாக வந்துவிட்டது என்று அன்றுதான் பயந்தேன்.

மறைப்பதில் என்ன தவறு என்று உன் நைனாவும் கேட்கிறார். "ஊருக்குத் தெரிஞ்சா யாருடி பொண்ணு குடுப்பான்?" என்கிறார். அவர் பயம் பொய்யில்லை. பாட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் அதற்கப்புறம் இந்த ஊரில் உனக்கு என்ன இடம் என்ற உன் பயமும் பொய்யில்லை. ஆனால் நீ மறைத்துவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சீட்டில் ராத்திரி முறை விழும். விடலாம்தான், ஆனால் ஏன் விடுகிறாய் என்று ஊர் கேட்கும், காரணம் சொல்ல மாட்டாய். போவாய். ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி ஒன்றும் ஆகாது. அந்தத் தைரியத்தில் மூன்றாவது முறையும் போவாய். விடியும் நேரத்தில் கை வெட்டும். பக்கத்தில் இருப்பவனுக்கு அது என்னவென்று தெரியாது. முன்பு விழுந்தது முழங்கால் தண்ணீர், பக்கத்தில் சித்தப்பா. அடுத்த முறை அப்படி இருக்க வேண்டும் என்று ஏரிக்கு ஒரு கட்டாயமும் இல்லை. உன்னைப் பற்றிய ஒரு உண்மையை நான் ஒரு ஆளிடம், ஒரே ஒரு முறை மறைத்தேன். ஏழு மாதம் போயிற்று. நீ ஒரு ஊரிடம் மறைக்கப் பார்க்கிறாய்.

நான் உன்னைத் தண்ணீருக்கே போகவிடாமல் வைத்திருக்க விரும்பினேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் வேலை கிடைக்குமா என்று உனக்குத் தெரியாமல் விசாரித்தேன். பகல் ஒரு வாரம், ராத்திரி ஒரு வாரம் என்று மாறி மாறி வரும் வேலை என்றார்கள். விட்டுவிட்டேன். போன மாதம் டாக்டரம்மாவிடம் நீயே கேட்டாய், "நான் பாட்டுக்குப் போலாமா மேடம்?" அவர் உடனே சரி சொல்லவில்லை. கரை வேலை கிடைத்தால் அதுதான் நல்லது என்றார். நீ தலையை ஆட்டவில்லை. பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னார்: தனியாகப் போகவே கூடாது, தண்ணீரில் இறங்கி வலைக்குக் கம்பு ஊன்றும் வேலை கூடாது, படகில் எப்போதும் மிதவைச் சட்டை, கூட வருபவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், தூக்கம் கெடக் கூடாது, காலையில் கை வெட்டினால் அன்று படகே கிடையாது. வெளியே வந்ததும் நீ அதையெல்லாம் விரல் விட்டு எண்ணினாய். சித்தப்பா, "கம்பு ஊனுறதுக்கு நான் இருக்கேன் அண்ணி. இவன் மேல இருந்து வலையப் புடிக்கட்டும்" என்றார். ஐந்துக்கு வழி ஆயிற்று. மிச்சம் இருப்பது தூக்கம் மட்டும்தான். அது உன் கையிலும் இல்லை, சித்தப்பா கையிலும் இல்லை, ஊரின் கையில் இருக்கிறது.

அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். உனக்கு விழும் ராத்திரி முறைகளை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகப் பகலில் தண்ணீர் வடியும் முறைகளைத் தரும்படி கேள். பகலில் இறால் குறைவாகத்தான் விழும், எல்லாருக்கும் தெரியும். நீ நல்லதைக் கொடுத்துவிட்டுக் குறைந்ததை வாங்குகிறாய். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. இருந்தாலும் தயங்குவார்கள். சீட்டில் விழுந்தது விழுந்ததுதான் என்ற விதி இல்லாவிட்டால் இந்த ஊரில் என்றைக்கோ வெட்டுக்குத்து ஆகியிருக்கும். அவர்கள் தயக்கத்தை மதித்துப் பேசு. "இவனுக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பான்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். டாக்டர் சீட்டைக் காட்டு. கேலி செய்ய ஒருவர் இருப்பார், அவரைப் பார்க்காதே. ஏன் அன்றைக்குத் தெற்குப் பாட்டை விட்டீர்கள் என்று கேட்டால், எங்க அம்மா தப்பாக் கணக்குப் போட்டாள் என்று சொல்லிவிடு. நான் தாங்கிக்கொள்வேன்.

நீ சொல்லாவிட்டால் நானே வந்து சொல்லிவிடுவேன் என்று முந்தாநாள் உன்னை மிரட்டியது தவறு. சொன்ன அரைமணி நேரத்தில் நீ சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, "நீ வராத மா. நானே சொல்றேன். என் வாயால சொல்றேன்" என்றாய். அது உன் உடம்பு, அதைப் பற்றிச் சொல்லும் உரிமையும் உன்னுடையது. நான் வரமாட்டேன். வீட்டிலேயே இருப்பேன். எதிர்வீட்டு அக்காவிடம் மட்டும் நீ கூட்டத்துக்குக் கிளம்பிய பிறகு நானே போய்ச் சொல்வேன். அதற்கு நீ அனுமதி கொடுத்திருக்கிறாய். அவள் எதிரே முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று காலையிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறேன். உனக்கு நாளை எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று இப்போது எனக்குக் கொஞ்சம் புரிகிறது.

ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அங்கே சண்டை போடாதே. ராத்திரி முறைகளை விட்டுவிட்டுக் கிடைக்கிற பகல் முறைகளுக்கு மட்டும் போ. வருமானம் குறையும், பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வருடம் சீட்டு எடுக்கும்போது மறுபடியும் போய் இதையே கேள். அதற்கடுத்த வருடமும் கேள். உன்னை மாதிரிக் கை வெட்டுகிற ஒரு பிள்ளை இந்த ஏரிக்கரையில் ஏதோ ஒரு வீட்டில் இப்போது டம்ளரை உடைத்துவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும். அதன் அம்மா உன்னைக் கூட்டத்தில் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கூட்டத்தில் யாராவது எழுந்து, "தண்ணியில வுழுந்துட்டா யாருடா பதில் சொல்றது?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் உனக்கு ரோஷம் வரும். "நான்லாம் வுழ மாட்டேன்" என்று சொல்ல வாய் துடிக்கும். அதைச் சொல்லாதே. அது நான் டாக்டரிடம் சொன்ன பதிலுக்குத் தம்பி. நிமிர்ந்து நில், கேட்டவர் முகத்தைப் பார். "வுழலாம். அதனாலதான் கேக்குறேன்" என்று சொல்.